ஃபார்மட் செய்யவா?

படகோனியாவில் காற்று கதவைத் தட்டாது,
கழற்றிக்கொண்டு போகும்.
ஜீப் சக்கரத்தின் மறைவில் குந்தி
மில்லாராய் கார்டு ரீடரைக் கைபேசியில் செருகினாள்.
ஏற்கவில்லை.
ஊதினாள், மணல் பறந்தது.
மறுபடி செருகியதும் திரை கேட்டது:
அட்டை பழுது, ஃபார்மட் செய்யவா?
‘ஆம்’ மேல் கையுறை விரல்
அரை அங்குலத்தில் நின்றது.

உள்ளே தொண்ணூறு இரவுகள்.
“பூமாதான்” என்றார் எவாரிஸ்தோ,
துப்பாக்கியைத் தோள் மாற்றியபடி.
பதினோரு ஆடுகள். காதுகளை அறுத்து
ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், கணக்குக்கு.

பிடுங்கி,
கையுறையைப் பல்லால் கழற்றி,
சட்டை நுனியால் துடைத்து,
மூச்சடக்கிச் செருக
பச்சை விளக்கு ஒரு தரம் சிமிட்டியது.

புல் அசைகிறது. புல். புல்.
நரி ஒன்று கேமராவை முகர்ந்து போகிறது.
புல்.
ஜூன் நான்கு, பின்னிரவு மூன்று பத்து:
ஆட்டின் தொண்டையிலிருந்து ஒரு முகம் நிமிர்கிறது,
கண்கள் இரண்டும் வெள்ளை நாணயம்.
கழுத்தில் பட்டை,
பட்டையில் மணி.

ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த பொம்பீட்டா
காது சொறிந்தது;
அத்தனை காற்றிலும் கேட்டது அந்த மணி.

“பேட்டரி எவ்வளவு?”
“ஒன்பது.”
“அணைத்துவிடு” என்றார்.

நகலெடுக்க இன்னும் நான்கு நிமிடம் என்றது திரை.
அவள் காற்றுக்கு முதுகைக் காட்டி
உட்கார்ந்துகொண்டாள்.