எடைச் சீட்டு

லீ பஜார் எடை மேடையில்
புளி லாரிக்கும் ஜவ்வரிசி லாரிக்கும் நடுவே
எங்கள் சக்கர வீடு.
சீட்டைக் கிழித்து நீட்டினாள் மெஹ்ரூன்:
"ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
பிக்கப் எவ்வளவு இழுக்கும்?"

ஆயிரத்து ஐந்நூறு,
கையேட்டில்.
அது சமதரைக் கணக்கு.
ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி.

"ஏறும்போது முக்கும், முனகும், போய்விடும்.
இறங்கும்போதுதான்
பின்னால் வருவது உங்களை ஓட்டும்."

அடிவாரத்தில்
தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டோம்.
இருநூறு லிட்டர்.
தார் ஓரத்துப் பள்ளத்தில் தேங்கியதைக்
குரங்குகள் மோந்து பார்த்து, பிறகு குடித்தன.
கழித்துப் பார்த்தால்
அறுபது கிலோ மிச்சம்.

மூன்றாவது வளைவில்தான் கவனித்தேன்,
முதுகுக்குப் பின்னால்
அந்தத் தளும்பல் சத்தம் இல்லை.

அருள்மொழி மட்டும்
ஏற்றத்திலும்
ஹேண்ட்பிரேக்கில் வைத்த கையை எடுக்கவில்லை.