பாய்

எங்கள் லைனில் தைப்பது டெக் ஷூ.
படகின் மேல்தளம் எவ்வளவு நனைந்திருந்தாலும் வழுக்காதாம்.
உள்ளே, குதிகால் படுகிற இடத்தில்
கட்டைவிரல் நகமளவு ஒரு பாய்மரப் படகு அச்சு.
ஒரு நாளைக்கு முன்னூற்றிருபது ஜோடி,
அப்படியானால் அறுநூற்று நாற்பது படகு
என் கைவழியாகப் போகிறது.
நிஜத்தில் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.
ஆம்பூரிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் மலைதான்.

சாம்பிள் பெட்டியோடு வந்த வழவழக் காகிதத்தில் ஓர் ஊர்:
கடலோரப் புல்வெளி, வரிசையாய் வெள்ளை வண்டிகள்,
வண்டிக்குள் அடுப்பு, மெத்தை, ஜன்னலுக்குக் குட்டித் திரை.
பக்கத்தில் மரவிடுதி. அதன் படியில் ஒரு பெண்
காலை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கிறாள்.
எப்சிபா படகைப் பார்க்கவில்லை,
அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இவ எந்த ஷிஃப்ட்டு?"

சீட்டுப் போட்டோம், நாலு பேர், பதினோரு மாதம்.
வாணியம்பாடி இலியாஸ் பாயிடம் ஒரு கேரவன் இருந்தது.
சினிமாக்காரர்கள் கழித்துவிட்டது.
கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்பு, எரிவது ஐந்து.
மகாபலிபுரம் போய் அலைக்குப் பக்கத்தில் நிறுத்தி
சனி ராத்திரி, ஞாயிறு ராத்திரி,
திங்கட்கிழமைக்கு எல்லாருக்கும் காய்ச்சல். அதுதான் பேச்சு.
அங்கே பாய்மரம் ஓடுகிறதா என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை.
கௌசர் வீட்டில் ட்ரெய்னிங் என்று சொல்லியிருந்தாள்.
நீச்சல் தெரியாத தேவகுமாரி
மூடி இறுகின நாலு காலிக் கேன் கொண்டுவந்தாள்.

மாதனூர் தாண்டும்போதே ஒரு கருகல் வாசனை.
பள்ளிகொண்டா டோல்கேட்டில் பணம் கட்டின கையோடு
வண்டி படுத்துவிட்டது.
ஊர்ப்பேரே அப்படி, அது என்ன பண்ணும், என்றாள் தேவகுமாரி.
இங்கே பெருமாளும் படுத்தபடிதான்,
பாம்பு மெத்தை, பாற்கடல், காலடியில் ஆள்,
திங்கட்கிழமையைப் பற்றிக் கவலையே இல்லாமல்.

இலியாஸ் பாய் வண்டிக்கடியில் போய்
கால் மட்டும் தெரிய மூன்று மணிநேரம் பேசினார்.
பார்ட் வேலூரிலிருந்து வரணும். நாளைக்குக் கடை இல்லை.
ஒரு டிராக்டர் எங்களைப் பாலாற்றங்கரை வரை இழுத்துவிட்டு
இருநூறு வாங்கிக்கொண்டு போனது.

ஆற்றில் மணல், லாரி அள்ளினது போக மிச்சம்.
நடுவில் ஒரு குட்டை.
அதில் ஓர் எருமை, கழுத்துவரை விடுமுறையில்.

கௌசர் கொஞ்சநேரம் அழுதாள்.
இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு
இவ்வளவு கிட்டத்திலா வந்து நிற்பது என்று.
அப்புறம் ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே புழுக்கம். மணலில் விரித்தோம்,
மயில் போட்ட பிளாஸ்டிக் பாய்.
இரண்டு மணிக்கு எங்கிருந்தோ காற்று,
கேன்கள் உருண்டன, பாயின் ஒரு முனை எழுந்து நின்றது.
எப்சிபா மேல்முனை இரண்டைக் கையில் பிடித்து
கீழ்முனை இரண்டை மிதித்துக்கொண்டாள்.
மயில் வயிறு உப்பியது.
"பாய்! பாய்!" என்று கத்தினாள்.
"என்னம்மா?" வண்டிக்கடியிலிருந்து ஒரு தலை.
சிரித்துச் சிரித்து தேவகுமாரிக்கு விக்கல்.
படுப்பதும் பாய், படகை இழுப்பதும் பாய்,
அர்த்த ராத்திரியில் ஸ்பானரோடு எழுந்து வருகிறவரும் பாய்.
அவருக்கும் விளக்கிச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.
டார்ச்சை மட்டும் மயில் மேல் அடித்து
கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பையில் நான் ஒரு ஜோடி வைத்திருந்தேன்.
கேட் சேலில் நூற்றைம்பதுக்கு எடுத்த ரிஜெக்ட்,
இடதுகாலில் தையல் கோணல்.
அந்தக் கோணல் என்னுடையதாகக்கூட இருக்கலாம்.
விடியும் முன்னே போட்டுக்கொண்டு
குட்டைக்குள் இறங்கினேன், கணுக்கால், முழங்கால்.
பாசி பிடித்த ஒரு பாறைமேல் ஏறி நின்றேன்.
எருமை பார்த்தது, சற்றே தள்ளி இடம் விட்டது.

வழுக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசரிடம்
அதை மட்டுமாவது சொல்லவேண்டும்.