கூட்டுக் கறுப்பு

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில்
நான் பச்சையாகிவிட்டேன் என்று
தொலைபேசியில் சொன்னாள் யோருன்.
கோபமில்லை.
ரொட்டிக்கடைக் கல்லாவிலிருந்து
பால் வண்டி வரவில்லை என்பதைப் போல.
காதிலிருந்து தொடங்கியிருக்கிறதாம்.

வார்டோ சின்னத் தீவு.
மதியத்துக்குள் மீன் இறக்கும் துறைவரை போய்விட்டது
என் சாயம் வெளுத்த கதை.

போனேன்.
டாக்டர் அஸ்லாக், வாய் திறந்து கிடந்தவரை
அப்படியே விட்டுவிட்டுக் கையுறையோடு வந்தார்.
"கறுப்பு வெள்ளைக்குத்தான் காசு கொடுத்தேன்."
நியாயம்தான்.
மேசை விளக்கைப் போட்டால் செம்மை தட்டியது.
சன்னலருகே கொண்டுபோனால்
பாசி பிடித்த படிக்கல்.
மூன்றடி நடப்பதற்குள்
ஒரு பெண்ணுக்கு இரண்டு உடம்பு.

விளக்கப் பார்த்தேன்:
சாம்பல் என்று நீங்கள் நம்பியது ஒரு கூட்டணி, டாக்டர்.
நீலம், மெஜந்தா, மஞ்சள்
தத்தம் கொடிகளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து
எங்களுக்கு நிறமே கிடையாது என்று
கையெழுத்துப் போட்டவை.
வெளிச்சம் தாங்காமல் மெஜந்தா
முதலில் ஆதரவை விலக்கிக்கொண்டது.
மிச்சம் இரண்டும் சேர்ந்தால் பச்சை.

"தெரிந்தேதானே விற்றாய்?"

தெரிந்துதான்.
கரி கலந்த மை மூன்று மடங்கு விலை.
அந்த வருஷம் என் கூரை ஒழுகியது.

அவருக்குக் கரி மையில் வேறொன்று கொடுத்தேன்.
எனக்கென்று பழைய மையில் ஒன்று அச்சடித்து
மூக்கு வழியாக நேர்கோடு பிடித்து
இடது பாதிக்கு அட்டை மூடி
தெற்குச் சன்னலில் ஒட்டினேன்.
பென்சிலால் தேதி: பிப்ரவரி மூன்று.

மே பாதியில் சூரியன்
வீட்டுக்குப் போவதையே நிறுத்தியது.
இரவு இரண்டு மணிக்கும்
அவள் கன்னத்தில் வெயில்.
திரை போட முடியாது, பரிசோதனை.
கண்ணைச் சுற்றிக் கம்பளி சாக்ஸைக் கட்டிக்கொண்டு
தூங்கினேன் நான்.
வாராவாரம் கருவியை வைத்து அளந்து
நோட்டில் எண்கள்.
பச்சைப் பக்கம் ஒன்று, ஒன்றரை, மூன்று.

நவம்பர் கடைசியில்
சூரியன் கடலுக்கு அந்தப்புறமே நின்றுவிட்டது.
எண்களும் நின்றன.
அட்டையைப் பிரித்தேன்.

வெளியே இருந்தது மாறியிருக்கும், தெரிந்ததே.
மூடி வைத்ததும் மாறியிருந்தது.
கொஞ்சம்தான். விளிம்பு வழியாகக் காற்று நுழைந்திருக்கலாம்,
அட்டையின் பசையே தின்றிருக்கலாம்.
இனி எதை வைத்து எதை அளக்க?
பத்து மாதமாக நான் எழுதிய எண்கள்
ஓடும் படகிலிருந்து
இன்னொரு படகைப் பார்த்துச் சொன்ன வேகம்.

வேறு வழியில்லாமல் யோருனையே கூப்பிட்டேன்.
பனி உதறி வந்தாள்.
குளிரில் மூக்கு நுனி பழுத்திருந்தது,
அதற்கு என் நோட்டில் எண்ணில்லை.
இருட்டுச் சன்னலருகே, விளக்கடியில்,
தன்னுடைய இரண்டு பாதிகளையும்
நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்கு தப்பு."
அது மை இல்லை, லென்ஸ்.
"சரி. டாக்டர் அறையில் பச்சையாக இருந்தாளே,
அவள் எங்கே?"
இழுப்பறையில், கறுப்பு உறைக்குள்.
"அவளைக் கொடு.
பல் பிடுங்கப் போனபோது
அந்த அறையிலேயே பயப்படாத ஆள்
அவள் ஒருத்திதான்."

எங்கே மாட்டுவாய் என்று கேட்டேன்.
"கடையில், அடுப்புக்கு மேலே."

ஐயோ. அங்கே சூடு, நீராவி, எண்ணெய்ப் புகை.
மஞ்சளும் போய்விடும், யோருன்.

"போனால்?"

தனியாக நிற்கும்.
நீலம்.

நீலம், என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்,
புதிதாகக் கட்டிய பல்லை
நாக்கால் தொட்டுப் பார்ப்பவள் மாதிரி.
பிறகு படத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு,
முகத்தை உட்பக்கமாகத் திருப்பி,
பொத்தான் போட்டாள்.