ஏலம் போன மரம்

நாற்பத்தோராயிரத்து ஐந்நூறுக்கு
நான் ஏலம் எடுத்த மரம் அது.
ஏற்காட்டில், ஹென்ஷா துரை பூங்காவில்,
புயலுக்குச் சாய்ந்து கிடந்த சந்தனவேம்பு.
ரசீது இன்னும் பர்ஸில் இருக்கிறது,
மடிப்பில் கிழிந்து.

இருபது கொண்டை ஊசியும் ஏறி
லாரி போய் நின்றால்
கேட்டில் புதுப் பூட்டு.
கல்லூரியிலிருந்து வந்திருந்த எஸ்தர் மேடம்
உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

பொன்வண்டாக இருந்தால்கூட மன்னித்திருப்பேன்.
இது,
வறுத்த காப்பிக்கொட்டைக்குக் கால் முளைத்தது.
"உலகத்திலேயே இங்கே மட்டும்தான் இருக்கு."
என் லாரியும் உலகத்திலேயே
இங்கே மட்டும்தான் நிற்கிறது என்றேன்.
சிரித்தது டிரைவர் சென்றாயன் மட்டும்.

புழுவாக மூன்று வருஷம் மரத்துக்குள்.
வண்டாக வெளியே பதினெட்டு நாள்.
உயிருள்ள மரம் அதற்கு ஆகாது,
செத்து, ஊறி, பொதபொதக்க வேண்டும்.
மட்கட்டும் விடுங்கள் என்றார்.
செவ்வாய்ப்பேட்டையில் மர மில் வைத்திருப்பவனிடம்
சொல்கிற வார்த்தையா அது?

காலியாக இறங்கினோம்.
முன்பணம் திரும்ப ஏழு மாதம்.
டீசல் செலவு எழுதிய பக்கத்தில்
காரணம்: வண்டு
என்று எழுதி, அடித்தேன்.

அந்தக் கோடை விழாவுக்கு
பூங்காவில் மட்டும் சீரியல் பல்பு இல்லை.
வெளிச்சம் பட்டால் அதற்கு வழி தப்புமாம்.
மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரரும் நானும்
இருட்டைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டினோம்.

மூன்றாம் வருஷம் ஒரு தபால்.
மட்கிய கட்டைகள் தேவை, டன்னுக்கு இவ்வளவு.
மில்லின் பின்சுவர் ஓரம்
விறகுக்கும் ஆகாதென்று ஒதுக்கியவை
காசாகுமா என்று
இரண்டு முறை படித்தேன்.

கட்டை கட்டையாகத் தட்டிப் பார்த்தார் எஸ்தர்,
சந்தையில் தேங்காய் பொறுக்குகிற மாதிரி.
பாதியைத் தள்ளினார். நல்ல மரமாம்.

இறக்கி முடிக்க இருட்டிவிட்டது.
"காதை வச்சுப் பாருங்க."
என் மரத்தில்.
நாற்பத்தோராயிரத்து ஐந்நூறில்.

கரக்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
கரக்.

என் ரம்பத்துக்கு
இருபது நிமிஷ வேலை அது.

சென்றாயன் ஹாரன் அடித்தான்.
கையைக் காட்டி அணைக்கச் சொன்னேன்.
காதோரம் ஒட்டிய மரத்தூளைத்
தட்டிவிடத் தோன்றவேயில்லை,
பதினான்காம் வளைவு வரை.