சத்தம் போடாத கே

டன்யிங்கோன் சந்தையில் ஏறிய கீரைக்கட்டுகள்
காலடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கின்றன.
வட்ட ரயில் இன்செய்னைத் தாண்டும்போது
நோட்டைத் திறக்கிறேன். பன்னிரண்டாம் பக்கம்.
கேயில் தொடங்கி, என்னில் வாய் திறக்கும் வார்த்தைகள்.
வாசலில் நிற்பது ஓர் ஆள்,
உள்ளேயிருந்து குரல் கொடுப்பது வேறோர் ஆள்.

நைஃப்: கத்தி.
நைட்: குதிரை வீரன்.
கே இல்லாமல் வந்தால் வெறும் இரவு.
இருட்டில் இரண்டுக்கும் ஒரே சத்தம்.

எதிரே தனாகா பூசிய கீரைக்காரி
என் உதட்டையே பார்க்கிறாள்.
மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

நீ: முழங்கால்.
இதை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.
சிங்கப்பூரிலிருந்து நேர்காணல் செய்கிறவள்
திரையில் வந்து கேட்பாள்:
நீ பார்த்துக்கொள்ளப்போகும் கிழவருக்கு எங்கே வலி?
நீ, என்பேன்.
தமிழில் சொன்னால் அது குற்றச்சாட்டு.

நீல்: மண்டியிடு.
நீட்: மாவு பிசை.
நிட்: பின்னு.
நாட்: முடிச்சு.
மாதம் அறுநூறு வெள்ளி, சாப்பாடு அவர்களுடையது,
ஞாயிறு விடுமுறை உண்டு என்கிறார் ஏஜெண்ட்,
உண்டு என்று எழுதித் தர மாட்டேன் என்கிறார்.

நெல் என்று ஒன்று இருக்கிறது.
மெஹ்ரூன்தான் அகராதியில் கண்டுபிடித்தாள்.
சாவு மணியாம்.
வகுப்பே திரும்பிப் பார்க்க இருவரும் சிரித்தோம்.
நெல் அறுக்கத்தானேடி நம் ஆட்கள்
கப்பலேறி இந்த ஊருக்கு வந்தார்கள்,
எந்த நெல் என்று ஒருத்தராவது கேட்டாரா
என்றாள்.
சிரிப்பை நிறுத்த முடியாமல்
முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நாக்: கதவைத் தட்டு.
இதில் மட்டும் இரண்டு கே.
முதல் கே சத்தமில்லாமல்
நான்கு மாடி ஏறி வருகிறது.
கடைசி கே தட்டுகிறது.
இரவு தங்கிய விருந்தாளிப் பட்டியல் பார்க்க வந்தோம்
என்றார்களாம், மிகவும் மரியாதையாக.
பட்டியலில் எல்லாப் பெயரும் சரியாக இருந்தது.
மெஹ்ரூனின் தம்பி சாஜித்தைச்
செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.
நாக், எங்கள் வாயில் விழுந்தால்
ஓர் உகரம் சேர்ந்து நாக்கு ஆகிவிடும்.
அன்றைக்கு அந்தக் கட்டடத்தில்
எட்டு வீடு,
ஒன்றுகூட அசையவில்லை.

நோ: அறிந்திரு.
காதால் மட்டும் கேட்டால்: இல்லை.
ஒரு வு சேர்த்தால், தமிழில் வலி.
மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்
தம்பியின் சிநேகிதர்கள் யார் யார் என்றார்.
மதிபூ, என்றாள் பர்மியத்தில்.
தெரியாது, ஐயா. மதிபூ.
பதினொரு முறை சொன்னதாகச் சொன்னாள்.
பிறகு என் நோட்டை வாங்கி
நோவுக்கு நேரே இருந்த பொருளைப்
பேனாவால் அடித்தாள்,
காகிதம் கிழியும்வரை.
அந்தக் கிழிசல் வழியே இப்போது
பதினான்காம் பக்கத்தின் ஒரு துண்டு தெரிகிறது.

அவள் வகுப்புக்கு வருவதில்லை.
கட்டிய பணம் திரும்ப வராது என்று
சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

பக்கம் புரட்டுகிறேன்.
ஜி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் வார்த்தைகள்.
நாட்: கொசு மாதிரி ஒரு பூச்சி.
இதற்கும் முடிச்சுக்கும் எப்படி வித்தியாசம் சொல்வது
என்று யாரிடம் கேட்பேன்.
நா: கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துத் தின்.
மேலே போகவில்லை. மூடிவிட்டேன்.

பஸுந்தாவுங்.
கட்டுகளைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே
கீரைக்காரி கேட்கிறாள்,
யாருக்காகத் தங்கச்சி இவ்வளவு நேரம் வேண்டுதல்?

முழங்காலுக்கு, என்றேன்.