இசட் டிரைவ்

சேவ் என்று அமத்தினால்
நாற்பத்தொரு செக்கன்.
எதிர்க்கடையில் கச்சான் பை ஒட்டுகிற பெடியன்
மெழுகுதிரிச் சுவாலையில்
பதினான்கு பை ஒட்டி முடிக்கிற நேரம்.

கஸ்தூரியார் வீதி, மேல்மாடி.
நொத்தாரிசு மரியபுஷ்பம் அம்மாவின் கந்தோரில்
காணி உறுதி தட்டுவது என் வேலை.
பரப்பு, குழி, வடக்கே ஒழுங்கை, கிழக்கே
இன்னாரின் வளவு, சேவ்.
பதினான்கு பை.

முதல் வந்தவர் ரேம் போட்டார்.
எண்ணாயிரம் ரூபா.
முப்பத்தொன்பது செக்கன்.
இரண்டாமவர் மூடி கழற்றி ஊதினார்.
ஒரு பல்லிமுட்டை, ஒரு கொண்டை ஊசி,
ஒரு கைப்பிடி செம்மண்.
அடுத்த நாள் திரும்பவும் நாற்பத்தொன்று.
மூன்றாமவர் கதிரையில் இருக்க முதலே
வைரஸ் என்றார்.
அம்மா நெற்றியில் சிலுவை போட்டா.
வைரஸ் இல்லை.
அப்படியெண்டால் ஹார்ட் டிஸ்க்தான், மாத்துங்கோ என்று
விலையை ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

கோண்டாவில் கோபிதன்
ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை.
பெட்டியைத் தொடவுமில்லை.
"தட்டேக்கை சுணங்குதோ?"
இல்லை.
"பாட்டுப் போட்டால்?"
ஓடும்.
"ஃபோல்டர் திறக்கேக்கை, சேவ் பண்ணேக்கை மட்டும்?"
ஓம்.
"அப்ப இதுக்குக் களைப்பில்லை அக்கா.
ஆரையோ பாத்துக்கொண்டு நிக்குது."

இடப்பக்கம் சீ, டீ,
அதற்குக் கீழே, நான் கண்டும் காணாத
சிவப்புப் புள்ளடியோடு இசட்.
"ஆர் இந்த டெல்சி?"

டெல்சி பின்னறை மேசையில் இருந்தவள்.
மூன்று வருசத்துக்கு முதல்
வங்கி வேலை கிடைத்து மன்னாருக்குப் போனாள்.
அவளின் பெட்டியைப் பழைய இரும்புக்காரர்
தராசில் நிறுத்துக் கொண்டுபோனார்.
அவளின் ஃபோல்டரை என் திரையில் கொழுவி வைத்தது நான்தான்,
எழும்பிப் பின்னறைக்கு நடக்கப் பஞ்சியில்.

ஒவ்வொரு உறுதிக்கும் இந்தப் பெட்டி
முதலில் அவளைக் கூப்பிட்டிருக்கிறது.
டெல்சி, நிக்கிறியோ?
மரியாதைக்குக் கொஞ்சம் நின்று பார்த்து,
இல்லை என்று கண்டபிறகே
என் கோப்பை வாங்கி உள்ளே வைத்திருக்கிறது.

வலது கிளிக். துண்டி.
"ஐந்நூறு தாங்கோ அக்கா."

சேவ்.
விரல் எடுக்க முதல் முடிந்துவிட்டது.
பெடியனின் கையில் பை
இன்னும் ஒட்டுப்படவில்லை.

சிரிப்பு வந்து டெல்சிக்கு ஒரு மெசேஜ் போட்டேன்:
உன்னைத் துண்டிச்சாச்சடி.
உடனே பதில்:
ஆர் இது? நம்பர் சேவ் பண்ணேல்லை.

பின்னேரம் கோப்பாய்க் காணி,
இரண்டு பரப்பு ஒன்பது குழி.
பறந்து தட்டி, பறந்து சேவ் பண்ணி,
பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.
வாங்குபவர், விற்பவர், இரண்டு சாட்சி,
எல்லாரும் பேனை பிடித்தபடி.
அம்மா வாசித்துக்கொண்டே போய் நின்றா.
"கிணத்துப் பங்கு எங்கை பிள்ளை?"

மூன்று வருசமாக அந்த நாற்பத்தொரு செக்கனும்
பெடியனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றல்லவா
நினைத்திருந்தேன்.
திரையையும் வாசித்திருக்கிறேன்.

திரும்பி வந்திருந்து
கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் சேர்த்தேன்.
சேவ்.
எதிர்க்கடையில் மெழுகுதிரியை ஊதி
ஷட்டரை இழுத்துவிட்டார்கள்.
நானாக எண்ணினேன்,
பதினான்கு வரை.