ஏழாவது தெரிவு

நாளைக்கு இரவு ஒன்பதரைக்குத் தெரிவு.
என்ர முறை ஏழாவது.
அறுபது பெடியள் வரிசையில நிக்கிறாங்கள்,
ஒருத்தனும் இன்னும் பிறக்கேல்லை.

கணினி பெத்துப்போட்ட பிள்ளையள்.
டோரன் விக், ஆறடி ஒன்பது,
கை விரிச்சா ஏழடி மூண்டு, துள்ளல் எண்பத்தெட்டு.
லூக்கா சபோ எறிஞ்சா கூடைக்குள்ளதான்,
இடக்கை மட்டும் நித்திரை.
நெல்சன் குவாபே எல்லாத்திலயும் தொண்ணூறு,
முழங்கால் முப்பத்தொண்டு.

முப்பத்தொண்டு எண்டா என்ன?
இண்டைக்குப் பெரியாஸ்பத்திரியில
நான் படமெடுத்த முழங்கால் பதினாறு.
மோட்டார்சைக்கிளால விழுந்தது,
மீன்சந்தையில வழுக்கினது,
பாசையூரில வலை இழுத்து இழுத்தே தேஞ்சது ஒண்டு.
"அசையாதேங்கோ ஐயா" எண்டன்.
மூச்சையும் பிடிச்சுக்கொண்டு கிடந்தார்.
ஒரு எலும்பிலயும் இலக்கம் இல்லை.

ஒஸ்லோவிலயிருந்து றெஜினோல்ட் கோல் எடுக்கிறான்:
"குவாபேயைத் தொடாதை மச்சான்,
ரெண்டு சீசன் தாங்கான்."
அவனுக்கு ஒன்பதாவது முறை.
போன வருசமும் இப்பிடித்தான் அக்கறையாக் கதைச்சு
என்ர சென்ரரைக் கொண்டுபோனவன்.

போனை வைச்சிட்டு
குவாபேயை ஆரியகுளச் சந்தியில
மினிபஸ் ஒண்டில ஏத்திப் பாக்கிறன்.
குனியிறான். கொண்டக்டர் "உள்ளுக்குப் போ, உள்ளுக்குப் போ" எண்டுறான்.
படியில வலது காலைத்தான் முதல் வைக்கிறான்,
பிறகுதான் மற்றது, மெல்ல.

அப்ப, இடதுதான்.
கோப்பில எந்தக் கால் எண்டு எழுதேல்லை.

ஏழு மட்டும் மிஞ்சினா எடுப்பன்.
மிஞ்சாட்டி, ஆர் எடுத்தாலும்
சொல்லிவிடோணும்:
இடதுக்கு ஐஸ் வைக்கச் சொல்லி.